அன்று எழுதியதும் பிறகு நினைத்ததும்: நாட்குறிப்பு எப்போது சான்றாகிறது?

சோதனையில் ஒரு நாட்குறிப்பு சிக்கியது, அதில் பெயர்களும் தொகைகளும் இருக்கின்றன என்று செய்தி வரும்போதெல்லாம், எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும் வழக்கு ஏன் நிற்பதில்லை என்று படிப்பவர்கள் கேட்கிறார்கள். வறுமை எவ்வளவு குறைந்தது என்ற அறிக்கை வெளியாகும்போது, ஒரே நாட்டின் ஒரே மக்களைப் பற்றி இரண்டு பொருளியலாளர்கள் எப்படி இரண்டு எண்களைச் சொல்ல முடிகிறது என்ற குழப்பம் வருகிறது. தொடர்பில்லாதவைபோல் தோன்றும் இந்த இரண்டு கேள்விகளையும் அன்றாட வாழ்க்கையை யார், எப்போது, எவ்வளவு ஒழுங்காக எழுதிவைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

மூன்று சொற்கள்

1. உடன்பதிவு: ஒன்று நடந்த அன்றோ, அதற்கு மிக அருகிலோ எழுதப்படுவது. நாட்குறிப்பு, கடைப் பேரேடு, மளிகைக் கடைப் பற்றுநோட்டு, பால் அட்டை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

2. பின்னினைவு: நாள் கடந்தபின் நினைவிலிருந்து சொல்லப்படுவது அல்லது எழுதப்படுவது. தன்வரலாறும், நீதிமன்றச் சாட்சியமும், வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளருக்குச் சொல்லும் பதிலும் இதில் அடங்கும்.

3. குறிப்புக்காலம்: கணக்கெடுப்பில் "கடந்த இத்தனை நாட்களில்" என்று கேட்கப்படும் கால அளவு. 7 நாள், 30 நாள், 365 நாள் என்று இது மாறும்.

நினைவு எவற்றை விட்டுவிடுகிறது?

மறந்துபோவது இயல்பு என்பது எல்லோருக்கும் தெரியும். மறந்ததே தெரியாமல், அந்த இடத்தை வேறொன்றால் நிரப்பிக்கொண்டு, அதை உறுதியாக நம்புகிறோம் என்பதுதான் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் உல்ரிக் நைஸரும் அவருடைய மாணவி நிக்கோல் ஹார்ஷும் 106 மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, யாருடன், என்ன செய்துகொண்டிருக்கும்போது கேட்டார்கள் என்று எழுதி வாங்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்டார்கள். முதலில் எழுதியதோடு ஒத்துப்பார்த்து மதிப்பெண் போட்டதில், 7 மதிப்பெண்ணுக்குச் சராசரியாகக் கிடைத்தது 2.95. பதினொரு பேர் பூஜ்யம் வாங்கினார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்கள் மூவர் மட்டுமே. பலரும் தங்கள் பிழையான பதிலில் மிகுந்த உறுதியுடன் இருந்தார்கள். அவர்கள் முன்பு தம் கையால் எழுதியிருந்த தாளையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

அது நாட்டையே உலுக்கிய நிகழ்ச்சி. ஒன்றும் நடக்காத சாதாரண நாட்கள் என்ன ஆகின்றன என்பதை மாரிகோல்ட் லின்டன் என்ற உளவியலாளர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு ஆராய்ந்தார். 1972 முதல் ஆறு ஆண்டுகள், ஒவ்வொரு நாளும் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகளை அட்டையில் குறித்தார். மொத்தம் 5,500க்கும் மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. மாதந்தோறும் சில அட்டைகளை உருவி, அது நினைவிருக்கிறதா, எப்போது நடந்தது என்று தம்மையே சோதித்துக்கொண்டார். முதல் ஆண்டில் மறதி சொற்பமாகவே இருந்தது; அதன்பின் ஆண்டுக்கு ஐந்து, ஆறு விழுக்காடு என்ற அளவில் சீராக உதிர்ந்துகொண்டே போனது. திரும்பத் திரும்ப நடக்கும் செயல்களில் மறதி வேறு விதமாக இருந்தது. முதல் முறை சென்ற கூட்டம் தனியாக நினைவில் நின்றது. அதே கூட்டத்துக்குப் பலமுறை சென்றபின் எந்த முறை என்ன நடந்தது என்ற வேறுபாடு அழிந்து, "இப்படித்தான் நடக்கும்" என்ற பொதுச் சித்திரம் மட்டும் மிஞ்சியது.

நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் வாகனாரும் ஆறு ஆண்டுகள் இதேபோல் 2,400 நிகழ்ச்சிகளைக் குறித்தார். ஒவ்வொன்றிலும் யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கையும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒவ்வொன்றாகத் துப்புக் கொடுத்துப் பார்த்தார். "என்ன" என்ற துப்பு மிகுதியாக உதவியது. "எப்போது" மட்டும் கொடுக்கப்பட்டபோது ஏறக்குறைய எதுவும் நினைவுக்கு வரவில்லை. நினைவு தேதிவாரியாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. ஆகவே ஒரு குறிப்பில் தேதி இல்லாவிட்டால், அதைப் பின்னால் நினைவிலிருந்து சரியாகப் போட்டுக்கொள்ளவும் முடியாது.

இந்த ஆய்வுகளிலிருந்து மேலே செல்லத் தேவையான இரண்டு முடிவுகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, ஒருவர் காட்டும் உறுதி, அவருடைய நினைவு சரி என்பதற்கு அடையாளம் ஆகாது. இரண்டு, மறதியால் அதிகம் அடிபடுவது அபூர்வ நிகழ்ச்சிகளைவிட, அன்றாடம் திரும்ப வருபவையே. அதாவது வாழ்க்கையின் பெரும்பகுதி.

ஏழு நாளா, முப்பது நாளா? வறுமைக் கணக்கில் நேர்ந்த குழப்பம்

இந்தியாவில் வறுமையை அளக்க, குடும்பங்கள் செய்யும் செலவைக் கேட்கிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், வெற்றிலைப்பாக்கு என்று நீண்ட பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். பெரும்பாலான வீடுகளில் எழுதிவைத்த கணக்கு கிடையாது. எனவே பதில் பின்னினைவுதான்.

1950களின் தொடக்கத்தில், நாடு முழுவதும் இந்தக் கணக்கெடுப்பை நடத்தும் தேசிய மாதிரி ஆய்வுக்காக, புள்ளியியலாளர் மஹலனோபிஸும் அவருடன் இருந்தவர்களும் வாரக் கணக்கையும் மாதக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, 30 நாள் என்ற குறிப்புக்காலத்தைத் தேர்ந்தார்கள். பல பத்தாண்டுகள் அதுவே நீடித்தது. 1994 முதல் 1998 வரை நடந்த அந்த ஆய்வின் 51 முதல் 54 வரையான சுற்றுகளில் ஒரு சோதனை செய்யப்பட்டது. ஒரு பாதிக் குடும்பங்களிடம் எல்லாவற்றுக்கும் 30 நாள் கணக்கும், மறு பாதியிடம் உணவுக்கு 7 நாள், துணிமணி, கல்வி போன்றவற்றுக்கு 365 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் என்ற கலப்புக் கணக்கும் கேட்கப்பட்டது. புதிய முறையில் பதிவான செலவு கூடியது. அதே வறுமைக்கோட்டை வைத்துக் கணக்கிட்டால் வறியவர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. எவருடைய தட்டிலும் ஒரு பிடி சோறு கூடவில்லை; கேள்வியில் இருந்த நாட்களின் எண்ணிக்கை மட்டுமே மாறியிருந்தது.

இதற்குக் காரணங்கள்:

1. குறிப்புக்காலம் நீளும்போது சிறு செலவுகள் உதிர்ந்துபோகின்றன. இது மறதிப் பிழை.

2. காலம் குறுகும்போது எட்டாம், ஒன்பதாம் நாளில் வாங்கியதையும் "போன வாரம்தானே" என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். தேதி நினைவில் நிற்பதில்லை என்று வாகனார் கண்டது இங்கே பணக்கணக்காக வெளிப்படுகிறது.

3. ஆண்டுக்கு ஒருமுறை பண்டிகைக்குத் துணி எடுக்கும் ஏழைக் குடும்பத்திடம் கடந்த 30 நாட்களைப் பற்றிக் கேட்டால், அநேகமாகப் பூஜ்யம் என்றே பதில் வரும். 365 நாட்களைப் பற்றிக் கேட்டால் அந்தச் செலவு கணக்கில் ஏறிவிடும்.

1999–2000ஆம் ஆண்டின் 55ஆம் சுற்றில் குழப்பம் முற்றியது. உணவுக்கு 7 நாள், 30 நாள் ஆகிய இரண்டு கேள்விகளும் ஒரே படிவத்தில் அருகருகே வைக்கப்பட்டன. ஒரு பதிலைச் சொன்னவர் அடுத்த பதிலை அதற்கு இணங்கச் சொல்லிவிட வாய்ப்புண்டு என்பதால், இரண்டில் எதுவும் தூய அளவாக இருக்கவில்லை. 1993–94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26.1 விழுக்காடாகக் குறைந்தது என்று அரசு அறிவித்தது. அதில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு கேள்வியின் விளைவு என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2022–23 நுகர்வுச் செலவு ஆய்விலும் ஒரே முறை சென்று கேட்பதற்குப் பதிலாக, மூன்று படிவங்களோடு மூன்று முறை சென்று கேட்டார்கள். அதனால்தான் 2011–12 எண்களோடு அதை நேரடியாக ஒப்பிடுவதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அப்படியானால் எல்லோரையும் அன்றன்று எழுதச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். பிரிட்டனில் குடும்பச் செலவு ஆய்வுக்குப் பல ஆண்டுகளாக இரண்டு வார நாட்குறிப்பைத்தான் பயன்படுத்திவந்திருக்கிறார்கள். அதிலும் முதல் வாரத்தில் பதிவாகும் அளவு இரண்டாம் வாரத்தில் பதிவாவதில்லை. எழுதும் கை சலித்துவிடுகிறது. உடன்பதிவு மறதிப் பிழையை நீக்கும், சலிப்பை நீக்காது.

அன்றாடம் திரும்ப நடப்பவை பின்னினைவில் எப்படிக் காணாமல் போகின்றன என்பதற்கு இந்தியாவின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. வீட்டில் இருக்கும் பெண்ணிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டால், "வேலைக்குப் போகலை, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்ற பதில்தான் பல வீடுகளில் வரும். 2019 ஆய்வில் முந்தைய நாள் விடியற்காலை 4 மணி தொடங்கி 24 மணி நேரத்தை அரைமணித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஐந்திலிருந்து ஐந்தரை வரை வாசல் தெளித்துக் கோலம், ஆறு வரை தண்ணீர் பிடித்தல், ஏழு வரை சமையலும் பிள்ளைகளைக் கிளப்புவதும் என்று துண்டு துண்டாகக் கேட்கும்போது, "சும்மா" என்று எழுத ஓர் அரைமணிகூட அகப்படாது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாக அந்த ஆய்வு பதிவு செய்தது.

ஆனந்தரங்கப் பிள்ளை: முடிவு தெரியாமல் எழுதியவர்

உடன்பதிவின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரப் பார்க்கத் தமிழில் ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பைவிடப் பொருத்தமான நூல் இல்லை. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் வணிகராகவும் பின்னர் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் தலைமைத் துபாஷியாகவும், அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும், இருந்தவர் அவர். 1736 செப்டம்பர் 6 அன்று, அதாவது நள வருடம் ஆவணி மாதத்தில் தொடங்கிய குறிப்பு 1761 ஜனவரி வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் நீள்கிறது. புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போன அதே மாதத்தில் அவரும் இறந்தார்.

குறிப்புகளில் தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமையோடு ஐரோப்பிய மாதத் தேதியும் வரும். கப்பல் வந்தால் எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று இருக்கும். சரக்கு, பேரம், ஆளுநர் சொன்னது, அதற்கு இவர் சொன்னது, ஊரில் பேசிக்கொண்ட வதந்தி, சோதிடம், கல்யாணம், சாவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வரலாற்றுக்கு எது வேண்டும் என்று அவர் பொறுக்கவில்லை. பொறுக்க அவரால் முடியவும் முடியாது, ஏனெனில் அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் பெரிதாகப்போகும் செய்தியும் ஒன்றுமில்லாமல் போகப்போகும் செய்தியும் அன்றைய பக்கத்தில் ஒரே அளவில் உட்கார்ந்திருக்கின்றன. தன்வரலாற்றில் இது கிடைக்காது. எழுதும்போதே முடிவு தெரிந்திருப்பதால், முடிவுக்கு வழிகாட்டும் செய்திகள் மட்டுமே அதில் மேலே வரும்.

வேதபுரீசுவரர் கோயில் இடிப்பை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 1748 செப்டம்பரில், ஆங்கிலக் கடற்படைத் தளபதி போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. இந்த ஒரு வரியை மட்டும் படிப்பவர், போர்க்கால அவசரத்தில் நடந்தது என்று முடிவுகட்டிவிடலாம். பிள்ளையின் குறிப்பில் பின்னோக்கிப் போனால், 1746 மார்ச்சிலேயே அந்தக் கோயிலுக்குள் மலநீரை ஊற்றியதும், அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்து சேசு சபைத் தேவாலயப் பக்கமிருந்து மலம் நிறைந்த மண்பானை எறியப்பட்டதும் பதிவாகியிருக்கின்றன. அவை எழுதப்பட்டபோது 1748 முற்றுகை என்ற ஒன்றே இல்லை. எனவே பின்னால் நடந்ததை விளக்குவதற்காக அவர் அவற்றைப் புனைந்திருக்க வழியில்லை. அந்த நாட்களின் தேதியும் வரிசையும்தான் இங்கே சான்று.

ஆனால் அந்தப் பக்கங்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. டியூப்ளேயின் மனைவிமேல் பிள்ளைக்கு இருந்த வெறுப்பும், தமக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார்மேல் இருந்த போட்டியுணர்வும் எழுத்தில் வெளிப்படையாகவே தெரிகின்றன. தம்மை ஆளுநர் புகழ்ந்த பேச்சுகள் சற்றே தாராளமாகப் பதிவாகியிருக்கின்றன என்பதே படிப்பவருக்குத் தோன்றும். ஒரு நாட்குறிப்பில் நடந்ததைப் பற்றிய செய்தியும் எழுதியவரின் மனநிலையும் பின்னிக் கிடக்கின்றன. வேறு ஆவணங்களோடு ஒத்துப்பார்த்துத்தான் முதலாவதை ஏற்க முடியும்; இரண்டாவதற்கு அந்தப் பக்கமே போதும்.

எழுதியது நம் கைக்கு வந்து சேர்ந்த பாதையும் கவனிக்கத் தக்கது. 1846இல் பிரெஞ்சு அதிகாரி கலுவா மொம்பிரேன் இதைக் கண்டெடுத்துப் படி எடுத்தார்; இன்னொரு படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ 1948இல். தமிழில் எழுதப்பட்ட குறிப்பைத் தமிழரே நெடுங்காலம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருந்தது.

நீதிமன்றத்தின் அளவுகோல்

இனி முதல் கேள்விக்கு வரலாம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 34ஆம் பிரிவாக இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 28ஆம் பிரிவாக இருக்கிறது. தொழில் நடப்பில் முறையாகப் பராமரிக்கப்பட்ட கணக்குப் புத்தகத்தின் பதிவுகளைச் சான்றாகக் கொள்ளலாம். ஆனால் அவற்றை மட்டுமே வைத்து எவர்மீதும் பொறுப்பைச் சுமத்த முடியாது என்பது அதன் சாரம். இதைப் பிரித்துப் பார்த்தால்:

1. அது புத்தகமாக இருக்க வேண்டும்.

2. அது கணக்காக இருக்க வேண்டும்.

3. தொழில் நடப்பில், முறையாகப் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

4. இவை அனைத்தும் இருந்தாலும், சுதந்திரமான வேறு சான்று துணை நிற்க வேண்டும்.

சோதனையில் கிடைத்த நோட்டுகளில் அரசியல்வாதிகளின் பெயர்களும் தொகைகளும் இருந்த ஜெயின் ஹவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் இந்த நான்கையும் விரிவாக அலசியது. சுருள்கம்பி நோட்டுகளும் சிறு குறிப்பேடுகளும் புத்தகம்தான், ஆனால் கோப்பில் வைத்த உதிரித் தாள்கள் புத்தகம் ஆகா என்றது. உதிரித் தாளை எவரும் எப்போது வேண்டுமானாலும் செருகலாம், உருவலாம். கட்டிய நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் அதன் மறுபாதி காட்டிக்கொடுத்துவிடும். புத்தகமே ஆனாலும், ஒருவர் தம் நோட்டில் இன்னொருவர் பெயரை எழுதிவைத்தார் என்பதற்காக அந்த இன்னொருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதும் உறுதியானது. 2017இல் சஹாரா, பிர்லா நிறுவனங்களில் சோதனையின்போது கிடைத்த தாள்கள் தொடர்பாக விசாரணை கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளியபோதும் இதே தீர்ப்பை எடுத்துக்காட்டியது. செல்வாக்குள்ளவர்கள் இதனால் தப்பிவிடுகிறார்கள் என்ற ஆதங்கத்தில் நியாயம் உண்டு. விதியைத் தளர்த்தினால் யார் பெயரையும் யாரும் எழுதிவைத்துச் சிக்கவைக்கலாம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தனிப்பட்ட நாட்குறிப்புக்கு வேறொரு வழியும் இருக்கிறது. சாட்சி ஒருவர், சம்பவம் நடந்தபோதோ, நினைவு மங்காத அளவுக்கு அதன்பின் விரைவிலோ தாமே எழுதிய குறிப்பைப் பார்த்து, நினைவைப் புதுப்பித்துக்கொண்டு சாட்சி சொல்லலாம். இது புதிய சட்டத்தின் 162ஆம் பிரிவு. அந்தக் குறிப்பை எதிர்த்தரப்பு கேட்டுப் பார்க்கலாம், அதன்மேல் குறுக்கு விசாரணையும் செய்யலாம். எப்போது எழுதியது என்பதைச் சட்டமும் நிபந்தனையாக வைத்திருப்பதைக் கவனிக்கலாம்.

வீட்டில் எழுதுபவர் கவனிக்க வேண்டியவை

1. தேதியும் கிழமையும் இடமும் முதலில் வர வேண்டும். தேதி தவறினால் கிழமை காட்டிக்கொடுக்கும்.

2. கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுத வேண்டும். யார் சொன்னது என்பது உட்பட.

3. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இடம் தர வேண்டும்: காய்கறி விலை, பேருந்துக் கட்டணம், தண்ணீர் வந்த நேரம், மருந்தின் பெயரும் அளவும். உணர்ச்சி ததும்பும் பக்கங்களைவிட இவையே பின்னால் தேடப்படும் என்பது என் கணிப்பு.

4. கட்டிய நோட்டில் எழுத வேண்டும். பிழை தெரிந்தால் பழைய வரியை அழித்துத் திருத்தாமல், திருத்திய தேதியோடு புதிய வரி சேர்க்க வேண்டும். நல்ல கையெழுத்தில் வேறு நோட்டுக்கு மாற்றி எழுதினால் பழையதை எறியக் கூடாது. சான்று மதிப்பு பழையதற்குத்தான்.

5. விடுபட்ட நாட்களைப் பின்னால் நினைவிலிருந்து நிரப்பினால், நிரப்பிய தேதியையும் போட வேண்டும். இல்லாவிட்டால் உடன்பதிவுக்குள் பின்னினைவு அடையாளமின்றிக் கலந்துவிடும்.

அலைபேசியில் எழுதுவோருக்கு நேரமும் இடமும் தாமாகவே பதிவாகின்றன என்ற வசதி உண்டு. அதே அலைபேசியில் எந்த வரியையும் தடயமின்றி மாற்றவும் முடியும். அதனால்தான் மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு தனிச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும் என்பதால், சான்றிதழ் தந்த நாளுக்குப் பின் செய்யப்படும் எந்தத் திருத்தமும் ஒத்துப்பார்க்கும்போது அகப்பட்டுவிடும். அதற்கு முன் செய்த திருத்தங்களைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.